பத்தாவது கட்டம்

மாரிஸ் அசையவே இல்லை. நெகேமியா சும்மா சொல்லவில்லை, சுவர்க் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தார். பன்னிரண்டு முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்திரண்டு வரை, முழுசாக நான்கு நிமிஷம், திரையில் அந்த ஆளின் தலைக்குல்லாய் அதே சரிவில் இருந்தது, பாதி திறந்த வாய் பாதி திறந்தபடியே இருந்தது, பின்னால் அலமாரியில் புத்தகங்கள் நின்றன. புத்தகங்களைக் குறை சொல்ல முடியாது, அவை நிற்கத்தான் செய்யும். மற்றவர்கள் எல்லாரும் உயிரோடிருப்பதற்கு ஏதாவது ஓர் அத்தாட்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மூக்கைத் துடைத்தாள். ஒருவர் கேமராவுக்குத் தெரியாமல் டீ குடிப்பதாக நினைத்துக்கொண்டு தெரியத் தெரியக் குடித்தார். மேல் வரிசையில் ஒரு பூனையின் வால் வந்து போயிற்று. மாரிஸ் மட்டும் கல்யாண மண்டப வாசலில் மாட்டிய படம் மாதிரி இருந்தார். படமாகவே இருக்கலாம். இது தோன்றியதும் நெகேமியாவுக்கு ஓர் ஆறுதல். வெட்கத்தை விட்டுச் சொன்னால் அது சந்தோஷம்தான். படமாக இருந்தால் நல்லது. படமாக இருந்துவிட்டால் இங்கே பத்துப் பேர் இல்லை, ஒன்பதுதான், எல்லாம் ஏற்கெனவே கெட்டுப்போயிற்று, கெடுத்தது அவர் இல்லை.

சிங்காநல்லூரில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், கவிழ்த்த அரிசி டப்பா மேல் லேப்டாப்பை ஏற்றிவைத்து, அப்பாவின் நூல் குஞ்சம் வைத்த சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். திரையில் இருந்தது இங்கிலாந்தில் பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாத ஒரு சின்ன ஊரின் யூத சபை. தொற்றுக் காலத்தில் கோயிலைப் பூட்டிவிட்டு வீட்டிலிருந்தபடியே திரையில் கூடி ஜெபம் செய்ய ஆரம்பித்தவர்கள், தொற்று போன பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. சனிக்கிழமை தவிர தினமும் அவர்களுக்குக் காலை எட்டு மணி, இவருக்கு இந்தக் கோடையில் பன்னிரண்டரை. மூன்று வருஷமாக வருகிறார். ஆண் பெண் யாரானாலும் சரி, பத்து யூதர் சேர்ந்தால்தான் சில ஜெபங்களைச் சொல்லலாம்; ஒருவர் குறைந்தாலும் அந்தப் பக்கங்களை அப்படியே புரட்டித் தள்ளிவிட வேண்டியதுதான். இறந்தவர்களுக்குச் சொல்லும் கடீஷ் அதில் ஒன்று. மற்ற நாட்களில் பதின்மூன்று பேர், பதினான்கு பேர் வருவார்கள். பதினாலாவது ஆளாக இருப்பதில் நெகேமியாவுக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. குழம்பில் கூடுதலாக விழுந்த கறிவேப்பிலை; இருந்தாலும் ஒன்றுதான், எடுத்து ஓரமாக வைத்தாலும் ஒன்றுதான். இன்றைக்கு அங்கே கோடை விடுமுறை, பாதிப் பேர் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். சரியாகப் பத்துக் கட்டம். அதில் கீழ் வரிசையின் கடைசிக் கட்டம் இவர். அதற்குப் பக்கத்தில் ஃப்ரீடா அம்மாள், எழுபத்தாறு வயது. அவள் மகன் லயனல் நாற்பத்தொரு வயதில் செத்துப்போனான். பெற்றோருக்கென்றால் பதினோரு மாசம் கடீஷ் சொல்லலாம், பிள்ளைக்கு முப்பது நாள்தான். இன்று முப்பதாவது நாள். இன்றைக்குச் சொல்லாவிட்டால் இல்லை.

பத்தா என்று எண்ணிப் பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. ஆட்களை ஒன்று இரண்டு என்று எண்ணக் கூடாது, மனிதர்கள் மூட்டைகள் இல்லை. பத்தே வார்த்தை கொண்ட ஒரு வேத வசனம் இருக்கிறது. அதை வார்த்தை வார்த்தையாகச் சொல்லி, ஒவ்வொரு வார்த்தையையும் ஒவ்வொருவர் தலையில் வைப்பார்கள். வசனம் முடிந்தால் சபை சேர்ந்துவிட்டது. ஜெபத்தை நடத்தும் ஜுடித், பள்ளிக்கூட டீச்சர், இன்று அப்படித்தான் கட்டம் கட்டமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒன்பதாவது வார்த்தை ஃப்ரீடா அம்மாளுக்குப் போயிற்று. பத்தாவது வார்த்தைக்கு முன்னால் ஒரு மூச்சு நின்றாள். நின்றாளா, லைன் மெதுவாக வந்ததா? நின்றாள். இருபத்தெட்டு வருஷம் மில் கேட்டில் செக்யூரிட்டி ஆபீசராக இருந்தவருக்கு, நிற்பதற்கும் தயங்குவதற்கும் வித்தியாசம் யாரும் சொல்லித்தர வேண்டாம். பிறகு சிரித்தபடி அந்தக் கடைசி வார்த்தையை, என்றென்றும் என்று அர்த்தம் வரும் அந்த வார்த்தையை, இவர் தலையில் வைத்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவர் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். எதற்குச் சிரிப்பு? பதிமூன்று வயதில் அப்பா எஃப்ராயிம் அவரை ரயிலேற்றி எர்ணாகுளம் பள்ளிக்கு, அப்பா யூதக் கோயிலைப் பள்ளி என்றுதான் சொல்வார், கூட்டிக்கொண்டு போனபோது அங்கே யாரும் சிரிக்கவில்லை. பித்தளை விளக்குகள் தொங்கின. வெள்ளைக் குல்லாய் போட்ட ஒரு பெரியவர் இதே வசனத்தைச் சொல்லி விரலால் ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டு வந்தார். ஏழாவது வார்த்தை அப்பாவுக்கு. எட்டாவது தனக்கு என்று நிமிர்ந்து நின்ற பையனைத் தாண்டி விரல் அடுத்த ஆளுக்குப் போயிற்று. கோபமில்லை, வெறுப்பில்லை, தூணைத் தாண்டிப் போவது மாதிரி தாண்டிப் போயிற்று. அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வரும் ரயிலில் பாலக்காடு தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தவர், அப்புறம், "உங்கம்மாவைக் குறை சொல்லாதே" என்றார். அம்மாவைப் பற்றி அவன் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

அம்மா மாராத்தாள், அதே மில்லில், நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங்கில் வேலை பார்த்தவள். பாய்லர் ஃபிட்டராக வந்த எஃப்ராயிமைக் கட்டிக்கொண்டாள், அவ்வளவுதான் கதை. அவள் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுப்பாள், அவர் பின்னறையில் மேற்குப் பார்த்து நின்று முணுமுணுப்பார், ஒரே சோற்றைத் தின்றார்கள், ஒருவரை ஒருவர் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆனால் அவர்களுடைய சட்டத்தில் பிள்ளை அம்மாவைச் சேர்ந்தது. அம்மா யூதச்சி இல்லையென்றால் பிள்ளை யூதன் இல்லை. அப்பா எத்தனை நாள் முணுமுணுத்திருந்தாலும் இல்லை. தெருவில் யாருக்கும் இந்த வம்பெல்லாம் தெரியாது. நெகேமியா என்று பெயரைக் கேட்டதும் "எந்த சர்ச்சுங்க?" என்பார்கள், அவரும் தலையை ஒரு பக்கமாக ஆட்டிவைப்பார். அது பொய்யில் சேராது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தச் சபையில் சேர ஒரு படிவம் நிரப்பினாரே, அது பொய்யில் சேரும். 'நீங்கள் யூதரா?' என்று ஒரு வரி. கீழே ஆம், இல்லை, அறிந்துகொள்ள விரும்புகிறேன் என்று மூன்று. அறுபது வயது மனிதர், பேரன் எடுத்தவர், ஆயிரம் கெடுபிடி பேசிக் கேட்டில் நின்றவர், ஆம் என்பதைத் தட்டினார். அப்பா செத்தபோது கோயம்புத்தூரில் பத்து யூதரை எங்கே போய்த் தேடுவது? கடீஷ் இல்லாமலே புதைத்தார்கள். திரையில் அதைச் சொல்ல வழி இருக்கிறது என்று தெரிந்தபோது ஆம் என்று தட்டினார். பத்தோடு பதினொன்றாக ஓர் ஓரத்தில் நின்று வருஷம் ஒருமுறை அப்பாவுக்குச் சொல்லிக்கொள்ளலாம், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தார். இந்த நினைப்பு வரும்போதெல்லாம் பழனாத்தாளும் கூடவே வந்துவிடுவாள். அவளைத் தள்ளிவைக்க அவருக்கு இன்றுவரை தெரியவில்லை. ஸ்பின்னிங்கில் இருந்தவள். வேலை முடிந்து போகையில் டிபன் கேரியரின் அடித்தட்டில், மிஞ்சிய ரசம் சாதத்துக்குக் கீழே, மில்லில் எடுத்த அரைக் கோன் நூல். அதைப் பிடித்தது நெகேமியாதான். அவள் நடையிலேயே தெரிந்துவிட்டது, கனமிருக்கக் கூடாத தூக்கைக் கனமாகப் பிடித்திருந்தாள். மெமோ எழுதினார், வேலை போயிற்று. அவள் அழவில்லை. "ஏனுங்க சாரு, நீங்க ஒரு நாளாச்சும் உங்க டப்பாவத் தொறந்து காட்டியிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆபீசர்கள் டப்பா திறக்க வேண்டியதில்லை என்பது விதி. விதியைச் சொன்னார்.

"ஏனுங்க, சாப்பாடு எடுத்து வெக்கட்டுங்களா, இன்னும் நேரமாகுங்களா?" என்று அடுப்படியிலிருந்து வசந்தாமணி எட்டிப் பார்த்தாள். அவர் கையை மட்டும் அசைத்தார். மைக் மூடியிருந்தாலும் பேச மாட்டார். மூடியிருப்பதாகக் காட்டுவதெல்லாம் மூடியிருக்கிறது என்று அவர் நம்பியதில்லை. வசந்தாமணி போகவில்லை. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேமராவில் விழாத இடத்தில், ஃப்ரிட்ஜை ஒட்டி நின்றாள். முப்பது நாளாக இப்படித்தான் வந்து நிற்கிறாள். அந்தம்மா எழுந்து நின்று சொல்வதைப் பார்ப்பதற்கு என்கிறாள். அது மட்டும்தானா? பக்கத்து வீட்டில் போய்க் கம்ப்யூட்டர் சாமி கதை சொல்கிறாளோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். பெண்டாட்டியைச் சந்தேகப்படுவது நல்ல பழக்கமில்லைதான், ஆனால் சந்தேகத்துக்கு வேலை நேரம் என்று ஒன்று கிடையாது, ரிட்டயர்மென்டும் கிடையாது. அங்கே ஜுடித் எபிரேயத்தில் ஓட்டிக்கொண்டிருந்தாள், இவர் வாய் அப்பா சொல்லிக்கொடுத்த துண்டுகள் வரும் இடத்தில் சேர்ந்துகொண்டு மற்ற இடத்தில் சும்மா அசைந்தது. வாய் அசைவதை அவர்கள் பார்க்கிறார்களா? அந்த டீக்காரர் இந்தப் பக்கமே பார்ப்பது மாதிரி இல்லை? கேமராவில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது, இதை உண்டாக்கியவன் கேட்டில் ஒரு நாள் நின்றிருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டான்.

அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இதுதான் எட்டு மாசமாக அவர் நெஞ்சில் கிடக்கும் முள். போன டிசம்பரில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார், அப்புறம் வீட்டில் கிடந்தார், ஐந்து வாரம் சபைக்குப் போகவில்லை. போன் வசந்தாமணியிடம்தான் இருந்தது. வந்ததற்கெல்லாம் அவளே பதில் போட்டாள். தேறி வந்து மறுபடி திரையில் உட்கார்ந்த முதல் நாளே ஏதோ மாறியிருந்தது. ஜுடித்தின் சிரிப்பு ஒரு சுற்று பெரிதாகியிருந்தது. ஃப்ரீடா அம்மாள், அதுவரை தலையசைப்பதோடு சரி, "இளைச்சுட்டீங்க, நெகேமியா, நல்லா சாப்பிடுங்க" என்றாள். அவர்கள் பேசுவது இங்கிலீஷ்தான், ஆனால் இத்தனை நாளில் அது அவர் காதில் விழும்போதே தமிழாகிவிடும். அதற்கப்புறம் வாரம் ஒருதரம் அதே விசாரிப்பு. உறவும் இல்லை, ஊரும் இல்லை, இந்தக் கரிசனம் எங்கிருந்து முளைத்தது? கரிசனம் இப்படித் திடீரென்று முளைத்தால் கேட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான், எதிராளிக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அவரே அப்படி நடந்துகொண்டவர். யார் மேல் சந்தேகமோ அவனிடம்தான் பிள்ளைகுட்டி சௌக்கியமா என்று கேட்பார். யாரோ விசாரித்திருக்கிறார்கள். எர்ணாகுளத்துக்கு எழுதிக் கேட்டிருப்பார்கள், அங்கே அந்த வெள்ளைக் குல்லாய்க்காரரின் பேரன் எவனாவது பதில் எழுதியிருப்பான். தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? பதினாலாவது ஆளாக இருக்கும்வரை சொல்லத் தேவையில்லை. பத்தாவது ஆளாக வரும் நாளுக்குக் காத்திருந்திருக்கிறார்கள். இன்றைக்குத்தான் அந்த நாள். இப்போது ஜுடித் வசனத்தின் கடைசி வார்த்தையை இவர் தலையில் வைத்துவிட்டு, என்ன செய்கிறான் பார்க்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இல்லை, அபத்தம். முப்பது நாளாகப் பிள்ளைக்காக நின்ற ஒருத்தியை வைத்து யாராவது பொறி வைப்பார்களா? அவர்களுக்குத் தெரியாது. ஒன்றுமே தெரியாது. நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியென்றால் அது இன்னும் மோசம். இன்னும் கால் மணி நேரத்தில் ஃப்ரீடா அம்மாள் எழுந்து நிற்பாள், பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கடைசி நாள் கடீஷைச் சொல்லுவாள், அது ஒன்பது பேர் நடுவில் சொன்னதாகத்தான் போகும். லயனலுக்குப் போய்ச் சேராது. யார் கண்டது, சேருமோ என்னவோ, அதெல்லாம் அவருக்குப் பிடிபடாத விஷயம். ஆனால் ஒரு தாய் தன் பிள்ளைக்கென்று கையில் ஏந்தி நிற்பதில் அடித்தட்டில் அவர் எதையோ ஒளித்துவைத்திருக்கிறார். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. மைக்கைத் திறந்து சொல்லிவிடலாம். சொன்னால் ஒன்பது. அவள் உட்கார்ந்துவிட வேண்டியதுதான், முப்பதாவது நாள் வாயைத் திறக்காமலே போய்விடும். சொல்லாவிட்டாலும் ஒன்பதுதான், அவளுக்குத் தெரியாது என்பதுதான் வித்தியாசம். தெரியாமலிருப்பதே மேல் இல்லையா? எதற்கும் மாரிஸ் மட்டும் படமாக இருந்துவிட்டால் போதும். அப்போது தானில்லாவிட்டாலும் குறை இருந்தது, யாரோ ஒருவரின் ஃபோட்டோவை வைத்து இவர்களே இவர்களை ஏமாற்றிக்கொள்கிறார்கள், இதில் சிங்காநல்லூர்க்காரன் ஒருவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. நெகேமியா திரைக்கு அருகில் குனிந்தார். அசையாதே என்று அந்த மனிதரை மனசுக்குள் வேண்டிக்கொண்டார். அன்றைய ஜெபத்தில் அவர் முழு மனசோடு செய்த வேண்டுதல் அது ஒன்றுதான்.

மாரிஸின் கட்டத்துக்குள் பக்கவாட்டிலிருந்து ஒரு கை வந்தது. நீலச் சட்டைக் கை, வேலைக்கார அம்மாளோ நர்ஸோ. அது ஒரு துணியால் அவர் வாயோரத்தைத் துடைத்தது, மடியிலிருந்த புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பியது, போய்விட்டது. மாரிஸின் கண்கள் மெல்ல, மிக மெல்ல, புதிய பக்கத்தின் மேலே ஏறின. உடம்பு முழுக்க விழுந்துபோன மனிதர். கண் மட்டும் மிச்சம். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு தினமும் காலை எட்டு மணிக்குப் பத்தில் ஒருவராக வந்து உட்கார்கிறார். நெகேமியாவுக்கு முகம் சுட்டது. தன் மேலேயே ஓர் அருவருப்பு வந்தது, வெந்நீர்ப் பானையைத் தொட்டவர் மாதிரி மேஜையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். இப்போது சந்தேகத்துக்கு ஆள் வேறு யாரும் மிச்சமில்லை.

ஜுடித் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டாள். "துக்கத்தில் இருப்பவர்கள் எழுந்திருக்கலாம்" என்றாள். ஃப்ரீடா அம்மாள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தடவை முயன்று, எழுந்தாள். கண்ணாடியைப் போட்டாள். காகிதத்தை எடுத்தாள். முப்பது நாள் சொல்லியும் மனப்பாடமாகவில்லை, அல்லது மனப்பாடத்தை நம்பவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் நெகேமியா எழுந்து, சுவரில் இருந்த வைஃபை பெட்டியின் ஸ்விட்சைத் தட்டி அணைத்தார்.

அவ்வளவுதான். திரையில் பத்துக் கட்டமும் உறைந்து நின்றன, ஃப்ரீடா அம்மாள் உட்பட. அப்புறம் ஒரு சக்கரம் சுற்றிற்று. அப்புறம் ஒன்றுமில்லை. சொல்லவும் இல்லை, பொய்யாக நிற்கவும் இல்லை. இதுவரை வராத பதினோராவது ஆள் யாராவது இந்நேரம் அங்கே வந்து சேர்ந்திருக்கலாம், எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கலாம் என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். போன் முனகிற்று. ஜுடித்திடமிருந்து மெசேஜ்: 'நெகேமியா, உங்கள் பக்கம் மின்சாரம் போய்விட்டது போல. பரவாயில்லை, காத்திருக்கிறோம்.' இதை அவர் இரண்டு தடவை படித்தார். இந்தத் தந்திரம் அவருடையது. டப்பாவைத் திறப்பதற்கு முன்னால், "ஏதாச்சும் மறந்துபோய் வெச்சுட்டியாம்மா?" என்று அவர் கேட்பார். பொய்யை அவரே எடுத்துக் கையில் கொடுப்பார். வாங்கிக்கொண்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மின்சாரம் போய்விட்டது போல. ஆமாம், போய்விட்டது என்று எழுத விரலை வைத்தார். வைத்த விரல் அப்படியே இருந்தது.

"கரண்டு இருக்குதுங்களே," என்றாள் வசந்தாமணி.

அவர் போனைக் கவிழ்த்துப் பிடித்தார்.

"நீங்கதான போயி அமுத்துனீங்க, நான் பாத்துட்டுத்தான் நிக்கிறேன். அந்தம்மா எந்திரிச்சு நின்னுட்டு இருந்தாங்க."

"யாராச்சும் வந்திருப்பாங்க. சொல்லியிருப்பாங்க."

"வந்திருந்தா காத்திருக்கறோம்னு எதுக்குங்க எழுதறாங்க?"

படிக்கத் தெரியாதவள் மாதிரி நின்றுகொண்டு எல்லாவற்றையும் படித்துவிடுவாள். நெகேமியா ஸ்விட்சின் பக்கத்திலேயே நின்றார். எழுபத்தாறு வயதில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எத்தனை நேரம் நிற்க முடியும்? உட்கார்ந்திருப்பாள். நிச்சயம் உட்கார்ந்திருப்பாள், கூட இருப்பவர்கள் சொல்லி உட்காரவைத்திருப்பார்கள். கடிகாரத்தில் ஒன்று ஐந்து. ஒன்று ஏழு. பழனாத்தாள் தூக்கை அவர் மேஜை மேல் வைத்துவிட்டு, அவர் மெமோ எழுதி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள், உட்காரச் சொல்லவில்லையே என்று இன்றைக்கு, இத்தனை வருஷம் கழித்து, ஞாபகம் வந்தது. ஸ்விட்சைப் போட்டார். பச்சை விளக்கு ஒவ்வொன்றாக எரிய ஒரு யுகம் ஆயிற்று. மீட்டிங்கின் வாசலில், 'உள்ளே அனுமதிக்கும்வரை காத்திருக்கவும்' என்ற எழுத்துக்கு முன்னால், வாழ்நாள் முழுக்க மற்றவர்களைக் காக்கவைத்தவர் காத்து நின்றார்.

திறந்தது. ஒன்பது கட்டமும் இருந்தன. பூனை இப்போது மேஜை மேல் முழுசாக உட்கார்ந்திருந்தது. மாரிஸ் இருந்தார். ஃப்ரீடா அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, பதினோரு நிமிஷமாக, நின்றுகொண்டிருந்தாள்.

நெகேமியா மைக்கைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் மெமோ இங்கிலீஷ், அதனால் வாக்குமூலமும் மெமோவாகத்தான் வந்தது. தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், மின்சாரம் போகவில்லை என்றும், வைஃபையைத் தானே அணைத்ததாகவும், படிவத்தில் எழுதியது உண்மையில்லை என்றும், தன் தகப்பனார் யூதர், தாயார் இல்லை என்றும், ஆகவே தன்னைப் பத்தில் ஒருவராகச் சேர்க்கக் கூடாது என்றும் சொன்னார். லயனலின் அம்மாவுக்கு இதை முன்பே சொல்லாததற்கு வருந்துவதாகவும் சொல்ல நினைத்தார்; அந்த இடத்தில் மெமோ ஓடவில்லை. "என் அம்மா பேர்..." என்று எதற்கோ ஆரம்பித்தார்.

"மராத்தால்," என்றாள் ஃப்ரீடா அம்மாள்.

அவர் திரையைப் பார்த்தார். மற்றவர்கள் முகத்தில் ஆச்சரியம் இருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டமாகத் தேடினார். இல்லை.

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்போ ஜுடித் கேட்டா, உங்க மனைவி எழுதி அனுப்பினாங்க," என்றாள் ஃப்ரீடா அம்மாள். "செத்தவங்களுக்குத்தான் அப்பா பேரைச் சொல்லுவோம். உடம்பு சரியில்லாதவங்களுக்கு வேண்டிக்கும்போது அம்மா பேர். உங்கப்பா சொல்லித்தரலையா? நெகேமியா, மராத்தாலின் மகன். அஞ்சு வாரம் தினமும் சொன்னோம். லயனலுக்கு ஃப்ரீடாவின் மகன்னு ரெண்டு வாரம்தான் சொல்ல முடிஞ்சுது."

"எங்க சபையில அப்பா வழியும் செல்லும்," என்றாள் ஜுடித், மெதுவாக. "நீங்க கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீங்களா சொல்ற வரைக்கும் விட்டுடலாம்னு இருந்தோம்."

டீக்காரர் தொண்டையைச் செருமினார். "மராத்தால்னு எங்க பக்கம் யாரும் பேர் வைக்கறதில்லை," என்றார்.

எட்டு மாசம். அவர் சந்தேகப்பட்டது சரிதான். தெரிந்துதான் இருந்தது, அத்தனை பேருக்கும், அந்தக் கண்ணசைவு மனிதர் வரைக்கும் தெரிந்திருந்தது. டப்பாவின் அடித்தட்டைப் பார்த்துவிட்டு, மூடிக் கையில் கொடுத்து, நல்லா சாப்பிடுங்க என்று தினமும் உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். கேட்டில் அவர் ஒருவரைக்கூட அப்படி அனுப்பியதில்லை. நெகேமியா ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பினார்.

"நீயா சொன்னே?"

"கேட்டாங்க, சொன்னனுங்க," என்றாள் வசந்தாமணி. "அத்தை பேரு அதுதானுங்களே. வேற என்னத்தச் சொல்றது?"

"நெகேமியா," என்று ஃப்ரீடா அம்மாள் கூப்பிட்டாள். "எனக்கு முழங்கால் வலிக்குது. நான் ஆரம்பிக்கவா?"

அவர் நேராக உட்கார்ந்தார். பிறகு உட்கார்ந்திருப்பது சரியில்லை என்று தோன்றி எழுந்தார், கேமராவில் கழுத்துக்கு மேல் காணாமல் போயிற்று, வசந்தாமணி வந்து லேப்டாப்பின் திரையைக் கொஞ்சம் நிமிர்த்திவைத்தாள். ஃப்ரீடா அம்மாள் காகிதத்தை எடுத்துக்கொண்டு முதல் வரியைச் சொன்னாள். ஆமென் சொல்லும் இடம் வந்தது. அங்கே அத்தனை பேரும் சொன்னார்கள், ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தது. சிங்காநல்லூரிலிருந்து போக வேண்டியது லைனில் தாமதித்து, எல்லாரும் முடித்த பிறகு, தனியாகப் போய்ச் சேர்ந்தது. ஃப்ரீடா அம்மாள் அது வரும்வரை நின்று, அப்புறம் அடுத்த வரிக்குப் போனாள்.